மோன்ட்ராகோன்: பாதிரியார் கட்டிய பள்ளியும் பள்ளி கட்டிய ஊரும்

வட ஸ்பெயினில், பாஸ்க் நாட்டின் கிபுஸ்கோவா மாகாணத்தில், தேவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் மலைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு கிடக்கிறது மோன்ட்ராகோன். பாஸ்க் மொழியில் அர்ராசாத்தே. 1260-இல் நகர உரிமை பெற்ற பழைய ஊர். இரும்பு வேலை அதன் பரம்பரைத் தொழில். இன்று ஊரில் இருப்பவர்கள் சுமார் 22,000 பேர். ஊரின் பெயரைத் தாங்கிய கூட்டுறவுக் குழுமத்தில் வேலை பார்ப்பவர்களோ ஏறக்குறைய 70,000 பேர். இதற்கெல்லாம் காரணம் யார் என்று கேட்டால் ஊர் கைகாட்டுவது அருட்தந்தை ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தாவை. சரிதான். ஆனால் அவருடைய பெரிய தொண்டு எது என்பதில் தொழிற்சாலைக்கும் வங்கிக்கும் முன்னால் பள்ளிக்கூடத்தையே வைக்க வேண்டும் என்பேன்.

1941 பிப்ரவரியில் உதவிப் பங்குத்தந்தையாக அவர் வந்து இறங்கியபோது வயது 25. சிறுவயதிலேயே இடக்கண் பார்வை போனவர். உள்நாட்டுப் போரில் தோற்ற பாஸ்க் தரப்பின் பத்திரிகையில் எழுதியதற்காகச் சிறைக்குப் போய் மீண்டவர். மறையுரை சுமார்தான், கேட்பவர்களுக்குக் கொட்டாவி வருமாம். ஊரின் பெரிய பூட்டுத் தொழிற்சாலை நடத்திய பயிற்சிப் பள்ளியில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குத்தான் இடம். எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. ஊரே பள்ளி தொடங்கட்டும் என்று தெருமுனைகளில் பெட்டி வைத்தார். பணமோ உழைப்போ, தன்னால் ஆனதை எழுதிப் போடலாம். சுமார் 600 பேர் போட்டார்கள். 1943-இல் ஏறத்தாழ 20 மாணவர்களுடன் தொழிற்பள்ளி தொடங்கியது. உதவியவர்களுக்கு அதன் நிர்வாகத்தில் வாக்கும் இருந்தது. ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் வேறெங்கும் கிடைக்காத வாக்கு அது! அந்தப் பிள்ளைகளில் ஐந்து பேர்தான் 1956-இல் மண்ணெண்ணெய் அடுப்பு செய்யும் உல்கோர் ஆலையை ஊரில் தொடங்கினார்கள். பள்ளிக்கும் ஆலைக்கும் இடையே 13 வருடம். அவசரப்படாத அந்த வருடங்களில்தான் ஊர் கூடித் தீர்மானிக்கப் பழகியது.

பாஸ்க் மக்களிடம் ஒற்றுமை ஏற்கெனவே உண்டு, வெளிநாட்டுச் சரக்கு வரமுடியாத சந்தையில் எந்த ஆலையும் பிழைத்திருக்கும், பாதிரியாருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் உண்மையே. பக்கத்து எய்பாரில் தொழிலாளர்கள் 1920-லேயே கூட்டுறவு ஆலை கண்டவர்கள். அதே மலை, அதே சந்தை மற்றப் பாஸ்க் ஊர்களுக்கும் இருந்தன. இந்த அளவுக்கு வளர்ந்தது இங்கே மட்டும்தான். கூட்டுறவுகளுக்குச் சொந்த வங்கி வேண்டும் என்று அவர் சொன்னபோது தொழிற்சாலைக்காரர்களே சிரித்தார்கள். அவர்களில் இருவருடைய கையெழுத்தை அவரே போட்டு விண்ணப்பம் அனுப்பினார் என்பது அவர்கள் பின்னாளில் சொன்ன கதை. பாதிரியார் செய்யக்கூடிய காரியமா என்று கேட்கலாம்தான். 1959-இல் காஹா லபோரால் என்ற அந்த வங்கி பிறந்தது. பின்வந்த கூட்டுறவுகளுக்கு முதல் கொடுத்தது அதுவே.

இன்னொரு கேள்வி கனமானது. 1974-இல் உல்கோரில் வேலைநிறுத்தம் செய்த தலைவர்களைக் கூட்டுறவே வெளியேற்றியது. அதன் வாரிசான ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013-இல் திவாலானது. உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு மற்றக் கூட்டுறவுகள் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ கொடுத்தன. உறுப்பினராகாமல் கூலிக்கு இருந்தவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. முதலாளி இல்லாத ஆலையிலும் இரண்டு வகைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்பது இந்த ஊரின் மேல் விழுந்த கறை. அதைப் பூசி மெழுக முடியாது. ஆனால் அது பாதிரியாரின் பாடத்தைப் பொய்யாக்கவில்லை, பாடம் எங்கே நின்றுபோனது என்று காட்டுகிறது. உறுப்பினர் ஆகிறவருக்கு முதலில் கூட்டுறவைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கூட்டுறவுகள் கடல் கடந்து கிளை விரித்தபோது பள்ளி உடன் போகவில்லை.

அவர் எந்தக் கூட்டுறவிலும் பதவி ஏற்கவில்லை. ஆலோசகராகவே இருந்து 1976 நவம்பரில் காலமானார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்திற்குரியவர் என்று அறிவித்தார். அன்று 20 பேருடன் தொடங்கிய பள்ளி, 1997 முதல் மோன்ட்ராகோன் பல்கலைக்கழகத்தின் பகுதி.