‘ஓம்’ எண்டால் என்ன?

லோர்ட் ஹவ் தீவில் விமான நிலையம் இருக்கு. கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து கிட்டத்தட்ட 600 கிலோமீற்றர் தள்ளி, டஸ்மன் கடலுக்குள்ள கிடக்கிற சின்னத் தீவு அது. ஒரேயொரு கட்டை ஓடுபாதை. தெற்கில் 875 மீற்றர் உயரத்துக்கு கௌவர் மலை. இறங்க வாற விமானிக்கு ‘வா’ எண்டு சொல்லவும் ஆளில்லை, ‘நில்’ எண்டு சொல்லவும் ஆளில்லை. அப்ப அவர் ரேடியோவில் ஆரோட கதைக்கிறார்? அந்த அலைவரிசையில் இருக்கக்கூடிய எல்லாரோடையும். சிலவேளை ஒருத்தரும் இருக்கமாட்டினம். எண்டாலும் சொல்லத்தான் வேணும்.

எங்கட அறையில் மூன்று பேருக்கு ஒரு லப்டொப். அதில் விமான சிமியுலேட்டர் விளையாடப் போய்த்தான் இதுக்குள்ள விழுந்தம். விளையாட்டெண்டாலும் அறிவிப்பை ஒழுங்காச் சொல்லவேணும் எண்டு எங்களில் ஒருத்தி ஒற்றைக்காலில் நிண்டவள். 10 கடல்மைல் தூரத்தில் தொடங்கவேணும்: “லோர்ட் ஹவ் ட்ராஃபிக்”, பிறகு என்ன விமானம், அதின்ர அழைப்புப் பெயர், எங்க நிக்கிறம், எவ்வளவு உயரம், என்ன செய்யப்போறம், கடைசியில் திரும்பவும் “லோர்ட் ஹவ்”. ஊர்ப்பெயர் ஏன் இரண்டு தரம்? பொத்தானை அமத்தப் பிந்தினால் முதல் சொல் வெட்டுப்பட்டுப் போகும். கடைசிச் சொல் காப்பாற்றும். கதைக்க முதல் கொஞ்சம் காது குடுக்கவும் வேணும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அமத்தினால் மற்றவைக்கு ஒரு கீச்சுச் சத்தம்தான் மிஞ்சும்.

எங்களுக்குச் சுவாரசியமாப் பட்டது ‘றொஜர்’. படங்களில் அது ‘சரி’ மாதிரித்தான் ஒலிக்கும். உண்மையில் ‘நீங்கள் சொன்னது முழுக்கக் கேட்டது’, அவ்வளவுதான் பொருள். ‘சொன்னபடி செய்வன்’ எண்டதுக்கு ‘வில்கோ’. கேள்விக்கு ஆம் எண்டால் ‘அஃபேர்ம்’. எங்கட தமிழில் இந்த மூன்றுக்கும் ஒரே ‘ஓம்’. ஃபோனில் அம்மா கதைக்கேக்க நாங்கள் போடுற ‘ஓம்… ஓம்…’ இதில் ஒண்டிலயும் சேராது. அது ‘இன்னும் லைனில் நிக்கிறன்’ மட்டும்தான்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு எண்டு விளங்க இன்னொரு தீவுக்குப் போகவேணும். ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃப், 1977 மார்ச் 27. பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடிச்சதால் பெரிய விமானங்கள் எல்லாம் லொஸ் ரோடியோஸ் எண்ட இந்தச் சின்ன நிலையத்துக்குத் திருப்பப்பட்டன. நிற்க இடமில்லை. மூடுபனி வேற. ஒரே ஓடுபாதையில் கேஎல்எம் விமானம் புறப்பட நிக்குது. பான் ஆம் விமானம் அதிலயே ஊர்ந்துகொண்டு வருது. கோபுரம் கேஎல்எம்முக்குக் குடுத்தது போகவேண்டிய வழி விபரம். ஓடத் தொடங்க அனுமதி குடுக்கேல்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, கடைசியில் ஒரு அரைகுறை வசனத்தையும் சேர்த்தார். ‘புறப்படுற இடத்தில் நிக்கிறம்’ எண்டும் எடுக்கலாம், ‘புறப்படுறம்’ எண்டும் எடுக்கலாம். கோபுரம் ‘ஓகே’ எண்டுது. ஒரு சின்ன இடைவெளி. பிறகுதான் ‘பொறுங்கோ, கூப்பிடுறன்’ எண்டது. அதே நேரம் பான் ஆமும் ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்’ எண்டு சொல்ல, இரண்டும் மோதிக் கீச்சுச் சத்தமாப் போச்சு. கேஎல்எம் விமானி அறையில் தெளிவாக் கேட்டது அந்த ‘ஓகே’ மட்டும்.

பிறகு வந்த ரேடியோப் பேச்சைக் கேட்ட விமானப் பொறியியலாளர், ‘பான் ஆம் இன்னும் விலகேல்லையோ’ எண்டு கேட்டார். கப்டன் சின்ன ஆளில்லை, கேஎல்எம்மின் விமானிகளுக்குப் பயிற்சி குடுக்கிற மூத்தவர். விலகிட்டுது எண்டு அடிச்சுச் சொன்னார். அதுக்கு மேல ஒருத்தரும் கேக்கேல்லை. 583 பேர் செத்தினம். எங்களுக்கு மூடுபனியைவிட அந்த ‘ஓகே’யும் அந்த மௌனமும்தான் பயம். அதுக்குப் பிறகு ‘டேக் ஓஃப்’ எண்ட சொல்லை, அந்த அனுமதியைக் குடுக்கவோ மீளப்பெறவோ மட்டும்தான் பாவிக்கிறது. மற்ற இடத்தில் எல்லாம் ‘டிப்பாச்சர்’. ஓடுபாதை அனுமதிகளுக்கு ‘றொஜர்’ காணாது, சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லவேணும்.

எங்களில் ஒருத்தியின்ர அம்மம்மா போன வருசம் கிளினிக்குக்குத் தனியப் போனவ. குளிசை குடுத்தவர் சிங்களத்தில் கடகடவெண்டு சொன்னார். அம்மம்மா ‘ஹரி, ஹரி’ எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டா. ஒரு நாளைக்கு ஒருக்கா எடுக்கவேண்டிய பிரசர் குளிசையை மூன்று நேரமும் எடுத்து, நாலாம் நாள் கிணத்தடியில் தலைசுத்தி விழுந்தா. நல்லகாலம், எலும்பு முறியேல்லை. ‘மனிசி கேட்டிருக்கலாந்தானே’ எண்டு அயலட்டை சொல்லிச்சுது. பின்னால நீட்டு வரிசை, தெரியாத பாஷை, எப்பிடிக் கேக்கிறது? விமானிகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ‘சே அகெய்ன்’ எண்டது நடைமுறையிலயே இருக்கிற சொல். திருப்பிச் சொல்லுறது கேட்டவரின்ர வேலை, அது சரியோ எண்டு பார்க்கிறது சொன்னவரின்ர வேலை.

போன மாதம் குளிசை மாறினது. விளங்கப்படுத்திப்போட்டு, “இப்ப நீங்கள் சொல்லுங்கோ அம்மம்மா” எண்டம்.

“நான் என்ன கிளிப்பிள்ளையே?” எண்டு ஏசினா. பிறகு கதிரையில் சாய்ஞ்சுகொண்டு, “காலமை வெள்ளை ஒண்டு. இரவு மஞ்சள் பாதி” எண்டா.

மஞ்சள் முழுசு எண்டம்.

“முழுசு” எண்டா.