கோட்டுக்கு வெளியே

கோலார் தங்கவயலின் வரலாற்றைப் பல ஆண்டுகளாக ஆய்ந்து வருகிறேன். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, இருப்புப்பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்தது. இவற்றையெல்லாம் கேட்டவுடன் சொல்வேன். ஆனால் சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் கல் சுமந்த வண்டி எவ்வளவு உயரம் என்று மாணவர் ஒருவர் கேட்டபோது விடை தெரியாமல் நின்றேன்.

சென்ற மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். சுரங்கப் பட்டறையில் வண்டிகளின் தேய்ந்த தகடுகளை மாற்றியவர் அவர். எழுந்து நின்று இடுப்பருகே கையை வைத்துக் காட்டினார். தரையிலிருந்து அளந்தேன்: 96 சென்டிமீட்டர். இருபதில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால் 48 மில்லிமீட்டர். சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் 16 போக, பக்கத் தகடு 32. வண்டியின் தகடு 6 மில்லிமீட்டர் தடிமன் என்றார். அது 0.3 ஆகச் சுருங்கும். எண்ணெய் டின்னின் தகரம் ஏறக்குறையப் பொருந்தியது.

டின்னை விரித்து, மரச்சுத்தியால் தட்டிச் சமப்படுத்தி, மை பூசி, ஊசிமுனையால் கோடு கீறினேன். கத்தரியைக் கோட்டின்மேலேயே ஓட்டினேன். ஓரம் சுருண்டது. நிமிர்த்தி அரத்தால் தேய்த்தபோது கோடே மறைந்து, தகடு அரை மில்லிமீட்டர் குறைந்துவிட்டது.

“அரை மில்லிமீட்டர்தானேப்பா” என்றேன்.

“நெசத்துல ஒரு சென்டிமீட்டர்டா. கல்லு சிந்திடும்.”

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அவர் தகரக் கத்தரியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அன்று வாங்கிக்கொண்டார். முதலில் கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் வெளியே வெட்டினார். பிறகு மிஞ்சிய ஓரத்தை மெல்லிய நாடாவாகக் கத்தரித்தார். அப்போதும் கோட்டைத் தொடவில்லை. கழிவு நாடா சுருண்டு விழுந்தது; தகடு தட்டையாகவே நின்றது. இரு பக்கத் தகடுகளையும் மரக்கட்டைகளுக்கிடையே ஒன்றாக வைத்துப் பட்டறைப் பிடியில் இறுக்கி, அரத்தால் கோடுவரை தேய்த்தார். இரண்டும் மயிரிழையும் பிசகாமல் ஒத்திருந்தன.

“வெட்டிப்போட்டது திரும்ப ஒட்டாது. வெளிய விட்டு வெட்டினா அப்புறமாத் தேச்சுக்கலாம்.”

என் ஆய்வேட்டின் கடைசி இயல் நினைவுக்கு வந்தது. அதைச் சுரங்கம் மூடிய நாளோடு முடித்திருக்கிறேன், கோட்டின்மேலேயே வெட்டியிருக்கிறேன். விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரு சென்று, இரவில் திரும்பிய அப்பாவின் ஆண்டுகள் அதில் இல்லை. இப்போதும் அந்த ரயிலில் போய்வரும் ஆயிரக்கணக்கானோர் அதில் இல்லை. தந்தையைப் பற்றி எழுதினால் ஆய்வின் நடுநிலை கெடும் என்று அஞ்சி, அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

“மூடின மறுநாள் காலையில என்ன செஞ்சீங்கப்பா?”

அரத்தை நிறுத்தவில்லை. “பட்டறைக்குத்தான் போனேன். கேட்டு பூட்டியிருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.”

வண்டி இன்னும் முடியவில்லை. அடித்தகடும் இரு முனைத் தகடுகளும் பாக்கி. அடுத்த மாதம் மீண்டும் போகிறேன், குறிப்பேட்டோடு.