பூச்சிக்கொல்லி என்னும் பெயர்

பூச்சிகளை உண்டு வாழும் பூச்சிக் குடும்பம் ஒன்றுண்டு. அறிவியலார் அதனை ரெடுவிடே என்பர். ஆங்கிலேயர் இட்ட பெயர் அசாசின் பக். உலகில் ஏறத்தாழ ஏழாயிரம் இனங்கள். வளைந்த அலகால் இரையைக் குத்தி, உமிழ்நீரைச் செலுத்திச் செயலிழக்கச் செய்து, உள்ளே கரைந்ததை உறிஞ்சுவது இவற்றின் வழக்கம். ஒரு சிறு கிளை மட்டும் விலங்குகளின் குருதியை உண்ணும். அவற்றின் அலகு நேரானது.

அக்கிளையைச் சேர்ந்த இந்தியப் பேரினம் ஒன்றிற்கு டிஸ்டன்ட் என்னும் ஆங்கிலேயர் 1904இல் லின்ஷ்கோஸ்டியஸ் எனப் பெயரிட்டார். அதில் அவர் விவரித்த இனத்தின் பெயர் கார்னிஃபெக்ஸ். கொலைத்தண்டனையை நிறைவேற்றுவோன் என்று பொருள். 1979இல் வேறிருவர் இன்னோர் இனத்துக்குக் காளி என்று பெயர் சூட்டினர். இரைகொல்லிகளின் கூட்டத்திலோ அகாந்தாஸ்பிஸ் சிவா என்றே ஒன்று இருக்கிறது. கடவுளர் பெயரைத் துணிந்து எடுத்தவர்கள் பெரும்பாலும் அயலாரே என்பது வியப்புதான்.

2002இல் லின்ஷ்கோஸ்டியஸ் கருபஸ் வந்தது. தமிழகத்தில் கண்டறியப்பட்ட இனம். விவரித்தோர் பிரேசில், இங்கிலாந்து ஆய்வாளர்களும், இக்குடும்பத்தை நெடுங்காலம் ஆராய்ந்த பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் டன்ஸ்டன் அம்புரோஸ் முதலியோரும். இலத்தீன் விகுதியைக் கழற்றிப் பாருங்கள். நம் சொல்லே நிற்கிறது. நிறமா, தெய்வமா? பழங்காநத்தத்துக்காரனாகிய என் காதில் அழகர்கோயில் பதினெட்டாம்படியான் பெயராகத்தான் ஒலிக்கிறது! கருப்பா, கறுப்பா என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் எழும் வழக்கையும் உரோமன் எழுத்து ஓசையின்றி முடித்துவைத்துவிட்டது. தொல்காப்பியர் கறுப்பு என்னும் உரிச்சொல்லுக்கு வெகுளிப்பொருள் கூறியதை அது அறியாது.

இலத்தீனுக்குச் சொல் கொடுத்த நாம், இக்குடும்பத்துக்குத் தமிழில் என்ன பெயர் வழங்குகிறோம்? 'கொலைகாரப் பூச்சி' என்று மொழிபெயர்ப்பவர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பருத்தியிலும் நிலக்கடலையிலும் புழுக்களைத் தின்று தீர்க்கும் ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் இக்குடும்பத்ததே. கொலைகாரன் என்று கேட்டபின் எந்த உழவர் அதனை உயிரோடு விடுவார்? மரபியலின் அறிவு அடுக்கில் எறும்பு மூன்றறிவு, தும்பி நான்கறிவு. பறக்க வல்ல இதனைத் தும்பியோடு சேர்க்கலாம் என்பது என் கணிப்பு. ஆனால் அங்கும் பெயர் கிடைக்காது.

பொருத்தமான சொல் ஒன்று இருந்தது: பூச்சிக்கொல்லி. இலக்கணத்துக்கும் இயல்புக்கும் அதுவே சரி. அதனை நாம் மருந்துப் புட்டிக்குக் கொடுத்துவிட்டோம். இன்று வயலில் அம்மருந்தைத் தெளிக்கும்போது புழுவோடு சேர்ந்து மடிவது, அப்பெயருக்கு உரிய பூச்சி.