பஞ்சமத்தின் பிருடை

வீணையைப் பார்க்க வருகிறவர்கள் யாளி முகத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், குடத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். தந்தியை முறுக்கும் முளையான பிருடையை யாரும் கவனிப்பதில்லை. ஏழு தந்திக்கும் ஏழு பிருடை இருக்கிறது. அதில் ஒன்று போனாலும் சுருதி சேர்க்க முடியாது. எங்கள் வீட்டு வீணையில் போனது பஞ்சமத் தந்தியின் பிருடை. திருகும்போது தலைப்பு கையோடு வந்துவிட்டது, மீதி துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. தந்தி கோக்கும் ஓட்டை இருக்கும் இடத்தில் மரம் மெலிந்திருக்கும். பிருடைகள் பெரும்பாலும் அங்கேதான் முறிகின்றன.

ஜொகூர் பாருவின் காற்றை வீணை தாங்குவதே பெரிய காரியம். மழை மாதங்களில் மரம் ஊறிப் பிருடை அசைய மறுக்கும். ஏர்கான் அறையில் வைத்தால் சுருங்கி, சேர்த்த சுருதி நிற்காமல் வழுக்கும். சாக்குக்கட்டியைத் தேய்த்துப் போட்டால் கொஞ்ச நாள் பிடித்து நிற்கும். என் பெரியம்மா ராஜுலா கப்பலில் கொண்டுவந்த தஞ்சாவூர் வீணை இது. குடம், தண்டி, யாளி எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்து இணைத்த ஒட்டு வீணை. முழுக்கப் பலா மரம்.

தஞ்சாவூருக்கே அனுப்பிவிடு என்றார்கள் சிலர். ஒரு முளைக்காக நாலடி நீள வீணையைக் கடல் தாண்டி அனுப்ப மனம் வரவில்லை. வயலின் பிருடை வாங்கிச் சீவிப் போடலாம் என்றார் ஒருவர். வயலின் பிருடைக்கு ஒரு கணக்கு உண்டு: முப்பது மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறுகும். கடையில் வாங்கி மாட்டலாம். வீணைத் துளை அப்படி இல்லை. குடைந்தவர் கை எப்படிப் போனதோ அப்படி இருக்கும். ஒரு துளைக்குச் செய்தது பக்கத்துத் துளைக்குச் சேராது.

கடைசியில் வீணை போனது பத்து பகாட் பக்கம், கம்புஸ் என்ற தந்தி வாத்தியம் செய்யும் ஒரு மலாய்ப் பெரியவரிடம். ஹத்ரமவுத் அரபிகளோடு கடல்வழி வந்ததாகச் சொல்லப்படும் கம்புஸ் இல்லாமல் ஜொகூரில் ஸாப்பின் ஆட்டம் இல்லை, கஸலும் இல்லை. இந்த ஊர்க் கஸலில் நம் ஆர்மோனியமும் தபலாவும் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பட்டறைச் சுவரில் பாதி குடைந்த கம்புஸ் ஒன்று சாய்ந்திருந்தது. ஒரே மரத்துண்டில் வயிறும் கழுத்துமாகக் குடைந்தது. என்ன மரம் என்று கேட்டேன். "நங்கா" என்றார். பலாதான்! வீணையின் குடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு அவரும் அதையே சொல்லிச் சிரித்தார்.

முடித்து வைத்திருந்த இன்னொரு கம்புஸின் வயிற்றுக்குத் தோல் போர்த்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பொருநராற்றுப்படை நினைவாகவே இருந்தது. கரிகாலனைப் பாட வந்த முடத்தாமக்கண்ணியார் அரசனிடம் போவதற்கு முன்னால் யாழின் ஒவ்வொரு உறுப்பாக நின்று பார்க்கிறார். மான் குளம்பு பதிந்த தடம் போல நடுவே உயர்ந்து இருபுறமும் சரிந்த பத்தர். அதன்மேல் விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துப் போர்த்திய தோல். எட்டாம் நாள் பிறை வடிவில் ஒரு வாய். தலை தூக்கிய பாம்பு போன்ற கரிய தண்டு. குற்றிய தினையரிசி போல முறுக்குப் பிசிர் இல்லாத நரம்பு. இவற்றுக்கு நடுவே, துளைகளை அடைத்த ஆணிகளையும் அவர் விடவில்லை. வளைக்குள் இருக்கும் நண்டின் கண்ணைப் போல அவை தெரிகின்றன என்கிறார். பரிசிலுக்கு நடந்து களைத்த கூட்டத்தைப் பாட வந்தவர், ஆணியின் தலையைக் குனிந்து பார்த்திருக்கிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் எனக்கு மற்றப் புலவர்களைவிட நெருக்கமானவர்.

அந்த யாழில் பிருடை கிடையாது. நரம்பைத் தண்டோடு வாரால் வரிந்து கட்டினார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர் திவவு. இறுக்குவதும் தளர்த்துவதும் அதில்தான். உறுப்புகளின் பெயர் எல்லாம் பாட்டில் பத்திரமாக இருந்தும், செய்யத் தெரிந்த கைகள் போய்விட்டன. விபுலானந்த அடிகள் பல ஆண்டு உழைத்து, கணக்குப் போட்டு, யாழை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. மறுமாதமே அடிகள் மறைந்தார். ஒரு கைவினை அறுந்தால் அதைத் திரும்பக் கட்ட எத்தனை பெரிய அறிஞர் தேவைப்படுகிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பெரியவர் முதலில் முறிந்த துண்டை எடுத்தார். குறுகிய முனையில் ஒரு மெல்லிய கம்பியை வைத்து ஒரே தட்டு, வெளியே வந்துவிட்டது. அகன்ற பக்கத்திலிருந்து தட்டியிருந்தால் இன்னும் இறுகியிருக்கும், தண்டியே பிளந்திருக்கும். பிறகு கெட்டியான கருமரத் துண்டு ஒன்றைக் கடைந்து, துளையில் நுழைத்து, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எங்கே மினுமினுத்ததோ அங்கேதான் மரம் துளைச் சுவரில் உரசுகிறது. அந்த இடத்தை மட்டும் கத்தியால் வழித்தார். மறுபடி நுழைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வழித்து. மினுமினுப்பு ஒரு பக்கமாக இல்லாமல் வளையமாக முழுச்சுற்றும் விழுகிறவரைக்கும் விடவில்லை. அதற்கப்புறம்தான் தந்திக்கு ஓட்டை போட்டார். அவர் வீணை வாசித்தவர் இல்லை. ச, ப என்றால் என்னவென்றும் கேட்கவில்லை. மரத்தின் பேச்சு அவருக்குத் தெரிந்திருந்தது.

"சாக்குக்கட்டி அதிகம் போடாதே, துளை தேயும்" என்று மலாயில் சொல்லி அனுப்பினார். பஞ்சமம் இப்போது அசையாமல் நிற்கிறது.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். நல்ல காரியம். ஆனால் குறியீடு தஞ்சாவூரில் இருக்கிறது, வீணைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. இங்கே பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். சரளி வரிசையோடு, பிருடையைக் கழற்றித் துடைத்து மாட்டவும், இளகிய மெழுகில் நகர்ந்த மெட்டைக் காதால் கேட்டு இடத்தில் வைக்கவும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த ஊரில் கம்புஸ் செய்பவர் இருந்தால் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டும் போங்கள்.