ஹைதர் அலியின் பாட்டனார் யார்?

மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் பூர்வீகத்தைப் பற்றி நான் படித்த மூன்று பழைய புத்தகங்களில் மூன்று விதமாக எழுதியிருக்கிறது.

முதலாவது 1783இல் பிரெஞ்சில் வந்தது. எழுதியவர் ஹைதரிடம் பீரங்கிப் படையில் இருந்த மைஸ்த்ர் தெ லா தூர். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் இதை மூலத்திலேயே படிக்க முடிந்தது. ஹைதரின் தகப்பனார் முகலாயச் சக்கரவர்த்தியின் படையில் 10,000 குதிரைகளுக்குத் தளபதி என்கிறார் இவர். இரண்டாவது, ஹைதரிடமும் திப்புவிடமும் உத்தியோகம் பார்த்த கிர்மானி பாரசீக மொழியில் எழுதியது. இதில் முன்னோர்கள் டெல்லியிலிருந்து குல்பர்கா தர்காவுக்கு வந்த மார்க்கப் பெரியவர்கள். மூன்றாவது, மைசூரில் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. இதன் முதல் பாகம் 1810இல் வந்தது. இவர் கணக்குப்படி ஹைதரின் பாட்டனார் சீராவில் சுங்கத்துறைச் சேவகர். நம் பாஷையில் சொன்னால் பியூன்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தாலுகா ஆபீசில் காலம் தள்ளியவன் நான். வாரிசுச் சான்று மனுக்கள் கை வழியாக எத்தனையோ போயிருக்கின்றன. அண்ணன் கொடுத்த மனுவில் தாத்தாவுக்கு ஒரு பெயர் இருக்கும், தம்பி கொடுத்த மனுவில் வேறு பெயர் இருக்கும். அப்படி வந்தால், எது உண்மை என்று பார்ப்பதற்கு முன்னால், யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்று பார்ப்போம். இந்த மூன்று புத்தகங்களையும் அப்படிப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளிகிறது. பிரெஞ்சுக்காரருக்கு, இங்கிலீஷ்காரனை எதிர்க்கும் தன் எஜமானர் பெரிய வீட்டுப் பிள்ளை என்று பாரீசில் சொல்ல வேண்டும். கிர்மானி அந்தக் குடும்பத்து உப்பைத் தின்றவர். வில்க்ஸ், 1799இல் திப்புவை வீழ்த்தி உடையார் வம்சத்தை மறுபடியும் சிம்மாசனத்தில் வைத்த கம்பெனியின் ஆள். பறித்தவன் அற்பக் குடியில் பிறந்தவன் என்றால் அவர்களுக்குச் சௌகரியம்.

ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரின் முதல் எழுத்து ஒன்றை மட்டும், அதையும் தலைகீழாக, கையெழுத்தாகப் போடுவாராம். ஆகவே அவருடைய வம்சாவளி முழுவதும் பிறத்தியார் எழுதியதுதான்.

கிர்மானியும் வில்க்சும் ஒத்துப்போகிற இடங்களும் உண்டு. முன்னோர் வடக்கேயிருந்து குல்பர்கா பக்கம் வந்தவர்கள். பாட்டனார் கோலாரில் இறந்தார். தகப்பனார் பதே முகமது சிப்பாய் வேலையில் முன்னுக்கு வந்தவர். கிர்மானி சொல்வதுபடி அவர் நம் ஆற்காடு நவாபு சாதத்துல்லா கானிடமும் சேவகம் செய்திருக்கிறார். கடைசியில் சீரா சுபேதாரின் சண்டையில் செத்துப்போனார். கடன் இருந்தது. தொட்டபள்ளாபுரத்தில் அப்பாஸ் குலி கான் என்பவன் குடும்பத்தைப் பிடித்துவைத்தான். ஷாபாஸ், ஹைதர் என்ற இரண்டு பையன்களையும் ஒரு பேரிகைக்குள் அடைத்து, தோலை இறுக்கி, மேலே அடித்தானாம், கடனை வசூலிக்க.

ஹைதரின் பூர்வீகத்தை நான் தேடியதற்கு எங்கள் வீட்டிலேயே காரணம் இருந்தது. எங்களுக்குத் திண்டிவனத்துக்குக் கிழக்கே, பெருமுக்கல் பக்கம். என் தகப்பனாரிலிருந்து மேலே ஐந்து பெயர்தான் எங்களுக்குத் தெரியும். ஐந்தாவது ஆள், 'ஐதர் கலாபத்தில்' யாரோ இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த கைக்குழந்தை என்று என் பாட்டி சொல்வார். அந்தக் குழந்தையின் தாய் தகப்பன் பெயர் யாருக்கும் தெரியாது. 1780 ஜூலையில் ஹைதர் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். ஆற்காட்டுச் சீமையில் ஊர் ஊராகத் தீ வைத்தார்கள், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். 1782இல் பிரெஞ்சுக்காரர்கள் அவரோடு சேர்ந்து பெருமுக்கல் கோட்டையைப் பிடித்தார்கள். அந்த பிரெஞ்சுக்காரர்களின் வீரத்தைத்தான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அவர் வம்சாவளிக்கு மூன்று புத்தகம் இருக்கிறது. எங்கள் வம்சாவளி அவர் வந்த வருஷத்தோடு நின்றுவிட்டது.

இப்படி ஒரு சர்வாதிகாரி எங்கிருந்து வந்தார்? தஞ்சாவூர் சுவார்ட்சு ஐயர் 1779இல் ஸ்ரீரங்கபட்டணத்தில் ஹைதரைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். சுமார் 200 பேர் சவுக்கோடு எப்போதும் தயாராக நிற்பார்களாம். அடி விழாத நாளே கிடையாதாம். சிலர் இதற்கு இரத்தத்தைக் காரணம் சொல்வார்கள். சிலர் சின்ன வயதில் அந்தப் பேரிகைக்குள் பட்ட பாட்டைச் சொல்வார்கள்.

ஷாபாஸை நினைத்தால் இரண்டும் நிற்காது. அவருக்கும் அதே இரத்தம், அதே பேரிகை. அவரோ மைசூர்ப் படையில் ஒரு நடுத்தர அதிகாரியாக இருந்துவிட்டுப் போனார். தம்பிக்கு மட்டும் வழி திறந்தது. மைசூரில் ராஜா பெயருக்குத்தான் ராஜா. அதிகாரம் தேவராஜ், நஞ்சராஜ் என்ற இரண்டு சகோதரர்களிடம் இருந்தது. அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. படைக்குச் சம்பளம் பாக்கி. 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் கண்ணில் பட்ட ஹைதர், பிறகு நம் திண்டுக்கல்லில் பௌஜ்தாராக உட்கார்ந்து பிரெஞ்சுக் கைவினைஞர்களை வைத்து ஆயுதசாலை அமைத்தார். பாக்கி வைத்த எஜமானர்களைவிட, சம்பளம் கொடுக்கிறவரிடம் சிப்பாய்கள் சேர்ந்தார்கள். 1761இல் ராஜ்யம் அவர் கைக்கு வந்தது. உடையாரை அவர் இறக்கிவிடவில்லை. தசராவுக்கு ஒரு தடவை ஜனங்களுக்குக் காட்டிவிட்டு உள்ளே அனுப்பிவிடுவார். பட்டம் கட்டிக்கொள்ளாதவருக்கு ராஜவம்சம் எதற்கு?

பாட்டனார் பியூனா பெரியவரா என்று இருநூறு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். பியூனாகவே இருந்திருந்தாலும் அதில் என்ன இழிவு? நானும் பியூன்களோடு வேலை பார்த்தவன்தான், நல்ல மனிதர்கள். கேட்க வேண்டியது, அந்தச் சிப்பாய்களின் சம்பளத்தை யார் பாக்கி வைத்தார்கள் என்பதைத்தான். அந்தப் பாக்கிக்கு, மைசூர் எந்தத் திசை என்றுகூடத் தெரியாத பெருமுக்கல் பக்கத்துக் குடியானவர்களும் சேர்ந்து வட்டி கட்டியிருக்கிறார்கள்.