பிடித்த பிடி விடாத பிரேக்

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு எங்கள் தமிழாசிரியை கேட்டதும், வகுப்பில் பலரும் ‘நான் ஒரு குடை பேசுகிறேன்’, ‘நாங்கள் சென்ற இன்பச் சுற்றுலா’ என்று தலைப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டனர். நான் சொன்ன தலைப்பைக் கேட்டு வகுப்பே சிரித்தது. “கார் பிரேக்கா? அதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் ஆயிற்றே!” என்றாள் ஒருத்தி. அருமைத் தோழியரே! அந்தக் காரில்தான் எங்கள் வீட்டு அரிசியும் என் பள்ளிக் கட்டணமும் வந்து சேருகின்றன. ஆகவே சிரிப்பைச் சற்று ஒத்திவைத்துவிட்டுப் படியுங்கள்.

எங்கள் ஊர் நோணாங்குப்பம். கடலூர்ச் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டியதும் வரும் சிற்றூர். சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையைப் பார்க்க வருபவர்கள் எல்லாரும் எங்கள் ஊருக்கு வந்தவர்களே. ஆனால் ஊரின் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது. என் தந்தையார் நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு நகரத்துப் பேக்கரியில் ரொட்டி எடுத்து, தவளக்குப்பம் முதல் பாகூர் வரையிலுள்ள கடைகளுக்குப் போடுவார். அதற்கென வாங்கியது ஒரு பழைய மாருதி 800 கார். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, அங்கே கூடைகளை அடுக்கி வைப்பார். எங்கள் தெருவில் அந்த வண்டி திரும்பினாலே சூடான ரொட்டி வாசனை வீசும்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. சங்கராபரணி பெருக்கெடுத்தால் அதன் கிளையான சுண்ணாம்பாறு சும்மா இருக்குமா? மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கோயிலுக்குப் போகவும் வழியில்லை. வாசலில் நின்ற காரின் சக்கரங்கள் பாதிக்கு மேல் சேற்றுநீரில் மூழ்கிக் கிடந்தன. வீட்டுக்குள் வராமல் படியோடு நின்றதே என்று என் அம்மா பெருமூச்சு விட்டார்.

தண்ணீர் வடிந்து சில நாட்களில் இஞ்சின் கிளம்பிவிட்டது. ஆனால் வண்டி இடப்பக்கமாகவே இழுத்தது. பாகூர் போய்த் திரும்பிய அப்பா, முன் இடச் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனவர் ‘சுள்’ளென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கருகிய நாற்றம் வேறு. சாலையோரப் பட்டறை ஒன்றில் காட்டினார். “பேட் தேய்ஞ்சிடுச்சு, புதுசு போட்டுக்கிட்டா சரியாயிடும்” என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் புதிய பிரேக் பேடுகளை வாங்கிக்கொண்டு வந்தார். அவற்றை மாட்டிக் கொடுக்க வந்தவர் என் தாய்மாமா. அவர் நெடுங்காலமாக இந்தத் தொழிலில் இருப்பவர். பேச்சு குறைவு, பார்வை அதிகம். அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்ததால் நானும் கூடமாட உதவிக்குப் போனேன்.

இந்த இடத்தில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட வேண்டும். முன் சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது, அதுதான் டிஸ்க். அதன் இருபுறமும் இரண்டு பேடுகள். இரண்டையும் கவ்விப் பிடித்திருக்கும் இரும்புக் கை கேலிப்பர். எங்கள் வண்டியின் கேலிப்பரில் ஒரே ஒரு பிஸ்டன்தான் உண்டு. மிதியை அழுத்தினால் பிஸ்டன் உட்புறப் பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும். உடனே கேலிப்பர் இரண்டு ஊசிகளின் மேல் எதிர்ப்பக்கம் நகர்ந்து, வெளிப்புறப் பேடையும் இழுத்து அழுத்தும். காலை எடுத்ததும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் முறுக்கு விட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். அதோடு பிஸ்டனும் மயிரிழை அளவு பின்வாங்கும். அந்த மயிரிழை போதும், சக்கரம் தாராளமாகச் சுழல! பிஸ்டன் துருவேறினாலோ ஊசிகள் இறுகினாலோ பிடித்த பிடி விடாது. ஓடுகிற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் ஓயாமல் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால் சூடேறாமல் என்ன செய்யும்?

மாமா பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, அடியில் இரும்பு ஸ்டாண்டை நிறுத்தினார். அப்பா செங்கல் அடுக்கலாமே என்றார். “செங்கல் சொல்லிக்கிட்டு ஒடையாது, மச்சான்” என்றார் மாமா. சக்கரத்தைக் கழற்றியதும் நான் தூசியை ஊதப் போவேனோ என்று கையை நீட்டித் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். பழைய பேடுகள் சிலவற்றில் கல்நார் இருக்குமாம். அதன் தூசி நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடும். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதே!

கேலிப்பரைக் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டினார். உட்புறப் பேட் தகடு தெரியுமளவு தேய்ந்திருந்தது; வெளிப்புறப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. “பாத்தியா பாப்பா, ஊசி நகரலை. இது வெள்ளத்துக்கு முன்னாலேயே வந்த சீக்கு” என்றார். ஓர் ஊசி கையோடு வந்தது. மற்றொன்று அசையவே இல்லை.

புதிய பேட் தடிமனாக இருக்குமல்லவா? அது உள்ளே நுழைய வேண்டுமானால் பிஸ்டனை முழுவதும் பின்னுக்குத் தள்ள வேண்டும். மாமா சி கிளாம்ப் போட்டு முறுக்கினார். நகரவில்லை. அப்பா, “நான் ஒரு கை பிடிக்கிறேன், பலமா முறுக்கு” என்றார். மாமா மறுத்துவிட்டு நிப்பிளைத் திறந்தார். ஹோஸ் உள்ளே சதை வைத்து அடைத்திருந்தாலும் பிரேக் ஆயில் திரும்ப வழியின்றிப் பிஸ்டன் நின்றுவிடும். அப்படியானால் நிப்பிளைத் திறந்ததும் அழுத்தம் வெளியேறிப் பிஸ்டன் விட்டுக்கொடுக்கும். இங்கே அப்போதும் அசையவில்லை. குற்றவாளி கேலிப்பருக்குள்ளேதான் இருக்கிறான் என்பது உறுதியாயிற்று. எவ்வளவு எளிய சோதனை! பலத்தைக் காட்டுவதற்கு முன் இதைச் செய்கிறவர் எத்தனை பேர்?

“போய் சீட்ல உக்காரு. நான் சொல்லும்போது மிதி, நிறுத்துன்னா நிறுத்திடு” என்றார் மாமா. நிப்பிளை மூடி, பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்தார். இருக்கையில் அமர்ந்து மிதித்தேன். மிதி கல்லைப்போல் நின்றது. மறுபடியும் மிதித்தேன். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, கால் அடியில் ஏதோ மெல்ல இளகுவது தெரிந்தது. இரண்டு ஆண்கள் சேர்ந்தும் அசைக்க முடியாத பிஸ்டன், என் ஒரு காலுக்கு அசைந்தது!

மாயமொன்றுமில்லை, இது பாஸ்கல் விதி. அடைபட்ட திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று நம் அறிவியல் வகுப்பில் அருட்சகோதரி கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார்களே, அதுவேதான். எடுத்துக்காட்டாக, மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 3 சதுர செ.மீ., கேலிப்பர் பிஸ்டனின் பரப்பு 18 சதுர செ.மீ. என்று கொள்வோம். அங்கே கொடுக்கும் விசை இங்கே ஆறு மடங்காக வந்து சேரும். மிதியின் நெம்புகோல் கூட்டித்தருவது தனி. பிளேஸ் பாஸ்கல் பிரெஞ்சு நாட்டவர்; 1623இல் பிறந்து 1662இல் மறைந்தார். வரி அலுவலரான தம் தந்தையின் கணக்கு வேலையை எளிதாக்க, 1642இல் ஒரு கணக்குப் பொறியையே அமைக்கத் தொடங்கியவர். அப்போது அவருக்கு வயது 19.

டிஸ்க் பிரேக்குக்கும் பிரெஞ்சு மண்ணுக்கும் தொடர்புண்டு. 1902இல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் இதற்கு உரிமம் பெற்றார். ஆனால் அவர் வைத்த செம்புப் பேடுகள் காது கிழியக் கத்தினவாம். பின்னர் 1953இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது. 1955இல் பாரிசில் அறிமுகமான சித்ரோயன் டி.எஸ். காரின் முன் சக்கரங்களில் இது பொருத்தப்பட்டு வந்தது. நிற்க.

பிஸ்டன் வெளியே வந்ததும் காரணம் விளங்கிற்று. தூசி தடுக்கும் ரப்பர் உறை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அவ்வழியே புகுந்த வெள்ளநீர், பளபளப்பாக இருக்க வேண்டிய பிஸ்டனின் விளிம்பில் குழி குழியாய்த் துருவைப் பதித்திருந்தது. உப்புக் காற்று வீசும் ஊரில் துருவுக்குச் சொல்லியா தர வேண்டும்? மாமா நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, “மேலாக்கா இருந்தா நைஸ் வாட்டர் பேப்பர்ல போயிடும். இது குழி. புது பிஸ்டன் வேணும்” என்றார்.

அங்கேதான் வாக்குவாதம் பிறந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்கான ஆர்டர்கள் குவிந்திருந்த வாரம் அது. வெள்ளத்தால் ஏற்கெனவே பல நாள் வருமானம் போயிற்று. “இப்ப தேய்ச்சுப் போடு, தையில மாத்திக்கலாம்” என்று அப்பா கெஞ்சாத குறையாகக் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். ரப்பர் வளையம் அந்தக் குழிகளின்மேல் தேய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “கிழியும். ஆயில் ஒழுகும். ஒருநாள் மிதிச்சா நிக்காது” என்றார். அதுவரை வாசற்படியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மா, “ரொட்டி மொபெட்ல போவட்டும். ரெண்டு நடை அதிகம், அவ்வளவுதானே? சுண்ணாம்பாத்துப் பாலத்துல நிக்காத வண்டி எனக்கு வேணாம்” என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. இரண்டு நாட்கள் அப்பா விடியலில் மொபெட்டில் கூடை கட்டிக்கொண்டு இரண்டு நடை போய் வந்தார். ஒரு கடைக்காரர் வேறிடத்தில் ரொட்டி வாங்கிக்கொண்டார். அவர் இன்றுவரை திரும்பவில்லை.

நகரத்திலிருந்து புதிய பிஸ்டனும் ரப்பர் கிட்டும் வந்தன. இறுகிய ஊசியை, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, இடம் வலமாகத் திருப்பித் திருப்பியே எடுத்தார் மாமா. கேலிப்பரை ஸ்பிரிட் விட்டுக் கழுவினோம். புதிய வளையத்துக்குப் பிரேக் ஆயிலையே தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். ஊசிகளுக்குச் சிலிக்கான் கிரீஸ். பிஸ்டன் இப்போது கட்டைவிரல் அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. புதிய பேடுகளை இடப்பக்கம் மட்டுமல்ல, வலப்பக்கமும் மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி கோணலாகப் பிடிக்கும். பின் சக்கரங்களின் டிரம்முக்குள் தங்கியிருந்த வண்டலையும் சுரண்டி எடுத்தோம்.

கடைசியாக ஏர் எடுப்பது. நான் மிதித்துப் பிடிக்க, மாமா நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே காலை எடுக்கச் சொல்வார். கண்ணாடிக் குழாயில் குமிழிகள் வந்து, வந்து, பின் நின்றுபோயின. பழைய ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குமிழி; குமிழி இருந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமென்று ஒரு தாளில் ‘2026 டிசம்பர்’ என எழுதி, பானெட்டின் உட்புறம் என்னை ஒட்டச் சொன்னார்.

வண்டியை எடுப்பதற்கு முன் மிதியைப் பலமுறை மிதித்து உறுதிப்படுத்திக்கொண்டு, அப்பா ஆளற்ற சாலையில் மெல்ல ஓட்டி, மெல்ல மெல்ல நிறுத்திப் பார்த்தார். பாகூர் போய் வந்த பிறகு நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையை வைத்துப் பார்த்தேன். முன்னிரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தன.

பழைய பிஸ்டனை மாமா எடைக்குப் போடவிருந்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு பக்கம் திறந்த சிறு குவளைபோல் இருப்பதால், குட்டைப் பென்சில்கள் போட்டு வைக்க வசதியாக இருக்கிறது.