காய்ச்சலுக்கு அல்ல, இந்த ரொட்டி

பெங்களூர் பவுரிங் மருத்துவமனை வாசலில் பார்வையாளர் நேரத்தில் சற்று நின்றால் போதும். தமிழ்க் குடும்பங்களுக்கும் ரொட்டிக்கும் உள்ள உறவு விளங்கிவிடும். ஃபிளாஸ்க், வாழைப்பழம், ஒரு பாக்கெட் ரொட்டி: ஒயர் கூடைகளில் எட்டிப் பார்ப்பது இவைதான். காய்ச்சலா, ரொட்டி. வயிற்றுப்போக்கு நின்றதா, பாலில் நனைத்த ரொட்டி. அதை ருசி பார்த்துச் சாப்பிடுவது கிடையாது, விழுங்குவதுதான். உடம்பு தேறிய மறுநாள் இட்லி திரும்பி வரும். மிச்சமிருக்கும் நாலு துண்டு காக்கைக்குப் போகும்.

மருத்துவமனையிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில் ரஸ்ஸல் மார்க்கெட் வந்துவிடுகிறது. அங்கே ரொட்டியை நோயாளி உணவு என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

சிவாஜிநகரின் பழைய பெயர் பிளாக்பள்ளி. 1809-ல் பிரிட்டிஷார் கன்டோன்மென்ட் அமைத்தபோது பட்டாளத்தோடு கூடவே சமையல்காரர், கசாப்புக்காரர், தையல்காரர், கொத்தனார் என்று ஒரு பெருங்கூட்டம் வந்தது. அதில் கணிசமானோர் தமிழ்நாட்டின் வட மாவட்டத்துக்காரர்கள். நாராயண பிள்ளை தெரு, வீரப்பிள்ளை தெரு, மீனாட்சி கோயில் தெரு என்று அவர்கள் விட்டுப்போன பெயர்கள் இன்னும் பலகைகளில் இருக்கின்றன. தக்கணி உருது பேசும் முஸ்லிம்களும் அதே சந்துகளில் குடியேறினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ரொட்டி வேண்டும். அதைச் சுட்டுக் கொடுத்த கைகள் உள்ளூர்க் கைகள். கைக்குப் பழகிய பண்டம் வாய்க்குப் பழகாமல் இருக்குமா?

வாய்க்குப் பழகியதில் முதலிடம் நானுக்கு. பாரசீக மொழியில் 'நான்' என்றால் வெறுமனே ரொட்டி என்றுதான் பொருள். 1933-ல் முறைப்படி திறக்கப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட் கட்டடத்தைச் சுற்றியுள்ள சந்துகளில், விடியற்காலையிலேயே தந்தூர் அடுப்பு சூடேறிவிடும். மைதா உருண்டையைத் தட்டி, துணித் திண்டில் பரப்பி, அடுப்பின் உள்சுவரில் அறைகிறார் மாஸ்டர். உள்ளே வெப்பம் 400 டிகிரியைத் தொடக்கூடும். இரண்டு நிமிடத்துக்குள் மாவு குமிழ் குமிழாக எழும்பி, குமிழின் உச்சி கருகும். நீளக் கம்பியால் கொக்கி போட்டு இழுத்தால் நான். ஆட்டுக்கால் பாயாவில் அதைத் தோய்க்கும்போது மேல்பக்கம் மொறுமொறுப்பாகவும், அடிப்பக்கம் சாற்றைக் குடித்துக் கனத்தும் இருக்கும். இரண்டும் ஒரே கவளத்தில் வர வேண்டும். அதற்காகத்தான் வாடிக்கையாளர்கள் மேசையில் உட்காராமல் அடுப்புப் பக்கமே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஆறினால் நான் தோலாகிவிடும். ஈரம் வற்றுவதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. வேகும்போது குழைந்த மாவுச்சத்து, ஆறும்போது மறுபடி படிகமாக இறுகுகிறது. காற்றுப் புகாமல் மூடி வைத்த ரொட்டியும் கெட்டியாவது இதனால்தான். குளிர்ப்பெட்டியின் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். பூஞ்சைக்குப் பயந்து ரொட்டியை ஃபிரிட்ஜில் வைக்கும் குடும்பத்தலைவி, பூஞ்சையைத் தடுத்து ருசியைப் பலி கொடுக்கிறார். பழைய ரொட்டியை மறுபடி சுட்டால் அந்த இறுக்கம் ஓரளவு இளகும். வார்டில் படுத்திருப்பவருக்கும் ரொட்டியைக் கல்லில் வாட்டிக் கொடுத்திருந்தால் அதன் மேல் இத்தனை வெறுப்பு வந்திருக்காது.

அடுத்தது டபுள் ரொட்டி. பெயர்க் காரணத்துக்கு ஆளுக்கொரு கதை. பேக்கரியில் அடுக்கி வைத்த சதுர ரொட்டிதான் அது. டீயில் முக்கினால் உடையாமல் தாங்குவது நல்ல ரொட்டி என்பது சந்துக் கணக்கு. திருமண வீட்டில் அதே ரொட்டி நெய்யில் பொரிந்து, சர்க்கரைப் பாகும் பாலும் குடித்து, 'டபுள் கா மீட்டா'வாக மாறிவிடுகிறது. நோயாளிக்குக் கொடுக்கும் அதே பண்டம்!

பரோட்டா இங்கே விருந்தாளி அல்ல, வீட்டு மனிதர். 1942-ல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்து அரிசி வரத்து நின்றபின் ரேஷனில் கோதுமை வந்ததும், பிறகு அமெரிக்க கோதுமை வந்ததும் தெற்கில் மாவுப் பண்டங்களுக்கு வழிவிட்டன. நானைப் புளிப்பு உப்ப வைக்கிறது. பரோட்டாவில் அந்த வேலையைச் செய்வது எண்ணெயும் வீச்சும். கல்லிலிருந்து எடுத்தவுடன் இரு கையாலும் அடித்து நொறுக்காத பரோட்டாவைச் சிவாஜிநகர்க்காரர் மதிப்பதில்லை.

பக்கத்து ஃபிரேசர் டவுனில், மசூதி சாலையில், 1902-ல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரி இருக்கிறது. நடத்துவது ஒரு முஸ்லிம் குடும்பம். கோவா நானும் மூளை பஃப்ஸும் அங்கே பிரசித்தம். புனித வெள்ளியன்று சிலுவை போட்ட பன்னுக்காக அதே கடையில் கிறிஸ்தவர்கள் கூடுகிறார்கள். ரம்ஜான் மாதத்தில் கூட்டம் வேறு, மாவு அதேதான். சிவாஜிநகர் மேரி மாதா பேராலயத்தில் செப்டம்பர் 8 திருவிழாவுக்குத் தமிழில் ஜெபிக்கும் கூட்டத்தையும், தர்காவில் சாம்பிராணிப் புகைக்குத் தலை நீட்டும் கூட்டத்தையும் பார்த்தவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது.

நகரின் மறுபாதியான பேட்டையில் வேறொரு கதை நடந்தது. தென்னிந்தியாவில் ஒரு காலத்தில் மாவைப் புளிக்க வைக்கக் கள் ஊற்றுவார்கள். முட்டை வேறு. ஆசாரக்காரர்கள் ரொட்டியைத் தீண்டவில்லை. 1898-ல் சிக்பேட்டையில் ஹாசன் பக்கத்து ஐயங்கார் குடும்பம் தொடங்கிய பி.பி. பேக்கரி அந்தத் தடையை உடைத்தது. முட்டையில்லாத ரொட்டி, பிறகு பச்சை மிளகாயும் வெங்காயமும் சேர்ந்த கார பன். ஐயங்கார் பேக்கரி என்ற பெயர்ப்பலகை இன்று சிவாஜிநகர் உட்பட ஊரெங்கும் தொங்குகிறது. பலகையின் பின்னால் எல்லா இடத்திலும் ஐயங்கார் இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த அடுப்புகள் எத்தனை நாள்? 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்றது. மற்ற நகரங்களின் பழைய அடுப்புக்காரர்களும் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. விறகு போனால் ருசி போகும் என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் அடுப்பு முன் நிற்காதவர்கள். புகை முதலில் போவது மாஸ்டரின் நுரையீரலுக்கு. செங்கல் அடுப்பில் ரொட்டியை வேக வைப்பது சுவர் பிடித்து வைத்திருக்கும் சூடுதான், புகையின் பங்கு சிறியது. புகையை விட்டுவிடலாம். ஆனால் புதிய அடுப்புக்கு முதல் போட முடியாமல் சிறு கடை மூடினால், மிஞ்சுவது பாக்கெட் ரொட்டி மட்டுமே. அந்தப் பாக்கெட்டும் அப்பழுக்கற்றதல்ல. மாவை உப்ப வைக்கச் சேர்த்த பொட்டாசியம் புரோமேட்டை அரசு 2016-ல்தான் தடை செய்தது, அதுவும் டெல்லி ரொட்டிகளில் ஓர் ஆய்வு அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு.

மாலை ஆறு மணி. சந்து முனையில் நானுக்காகக் காத்திருப்பவரின் ஒரு கையில் ஒயர் கூடை. உள்ளே ஃபிளாஸ்க், வாழைப்பழம், ரொட்டிப் பாக்கெட். தந்தூரிலிருந்து வந்த முதல் நானைக் காகிதத்தில் வாங்கி, சூட்டை ஊதி ஊதி அங்கேயே பிய்த்துத் தின்கிறார். இரண்டாவதை மடித்துக் கூடைக்குள், பாக்கெட்டுக்கு மேலே வைத்துக்கொண்டு பவுரிங் பக்கம் நடக்கிறார்.